மாப்பிள்ளை மாட்டிவிட்ட நாலு சக்கரம்

எங்கள் ஊர்ச் சாலை நாற்கரச் சாலையில் போய் முட்டும் இடத்தில் சிக்னல் கிடையாது, பாலமும் கிடையாது. நடுத்திட்டில் ஒரு வெட்டு மட்டும் விட்டிருக்கிறார்கள். விருதுநகர் போகவேண்டுமானால் வலது கைப்பக்கம் மதுரையிலிருந்து பறந்து வரும் வண்டிகளுக்கு ஊடே புகுந்து, அந்த வெட்டில் போய் நின்று, பிறகு சாத்தூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளோடு சேர்ந்து திரும்பவேண்டும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். மொபட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வருகிறவர்கூட ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி போய்விடுவார். எனக்கு மட்டும் அந்த இடம் வருவதற்கு முன்பே உள்ளங்கை வேர்த்துவிடும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சில வருஷம் காட்டுவேலை, அப்புறம் இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனி. சங்குச் சக்கரம் சுற்றுகிற அறையில் இருந்தேன். ஒவ்வொரு தடவை சரக்கு முடிந்ததும் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் வெளிப் பொட்டலில் கொளுத்திப் பார்ப்பதும் என் வேலை. திரியில் நெருப்புப் பட்டதிலிருந்து சக்கரம் முழுவேகம் எடுக்கும் வரைக்கும் மனசுக்குள் எண்ணுவேன். கடிகாரம் தேவைப்பட்டதில்லை. பக்கத்துக் கம்பெனியில் ஓர் அறை வெடித்துப் போனதற்கு அப்புறம் என் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. நடுங்கும் கையை வெடிமருந்துக்குப் பக்கத்தில் வைக்கமாட்டார்கள். அதனால் ஆளேற்றும் வேன் ஓட்டப் போனேன். இப்போது ஒரு பழைய சின்ன காரைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி, கல்யாணம், இருக்கன்குடிக் கோயில் என்று ஊர்க்காரர்கள் கூப்பிட்ட இடத்துக்கு ஓட்டுகிறேன். வேலை மாறிவிட்டது, எண்ணுகிற பழக்கம் மட்டும் விடவில்லை.

அந்த வெட்டைக் கடக்க என் காருக்கு நாலு எண்ண ஆகும். கிளட்ச்சை விட்டு ஒன்று என்று ஆரம்பித்தால், நாலு முடியும்போது பின்சக்கரம் நடுத்திட்டுக்குள் வந்திருக்கும். வலது பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு பச்சைப் பலகை இருக்கிறது. வருகிற வண்டி பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தால் போகலாம், இந்தப் பக்கம் வந்துவிட்டால் நிற்கவேண்டும். பல வருஷம் பார்த்துப் பார்த்து நானே எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு அது. வேறு தைரியம் எதுவும் என்னிடம் இல்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிந்து வந்த தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை சிவகாசியிலிருந்து வந்தார். அங்கே ஓர் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் பார்க்கிறார். டிப்ளமோ படித்தவர். கார் என்றால் உயிர், ஆனால் அவரிடம் கார் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, நாங்கள் போட்ட மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, இட்லி சாப்பிட்டதும் சொன்னார்: "மாமா, சாவியக் குடுங்க. ஒரு எட்டு சிவகாசிக்குப் போயிட்டு வந்திருதேன்."

மத்தியானம் திரும்பி வந்தபோது காரின் சத்தம்தான் எனக்குத் தெரிந்தது, காரைத் தெரியவில்லை. பழைய இரும்புச் சக்கரங்கள் இல்லை. அந்த இடத்தில் பளபளவென்று, கறுப்பும் வெள்ளியுமாக, கத்தரிப்பூ விரிந்த மாதிரி ஐந்து கால் வைத்த பெரிய அலாய் வீல்கள். கார் ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. அச்சகத்தில் காலண்டர் சீசனுக்கு ராப்பகலாக ஓவர்டைம் பார்த்து, சிநேகிதன் கடையில் சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார்.

"பதிமூணு இஞ்ச் மாமா முன்ன இருந்தது. பாக்க பொம்மக் காரு மாதிரி இருந்துச்சு. இது பதினஞ்சு. இப்பப் பாருங்க."

தெருவே வந்து பார்த்தது. "மாமனாரு மருமகனுக்குச் செய்யுததப் பாத்துருக்கோம். மருமகன் மாமனாருக்குச் செஞ்சு இப்பத்தான்யா பாக்கோம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். என் மனைவி முந்தானையால் ஒரு சக்கரத்தைத் துடைத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் மகள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. மகள் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். வாசற்படியில் நின்று புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய வீலு எங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

"அத அவன்ட்டயே தள்ளிவிட்டுட்டேன் மாமா. அது எதுக்கு நமக்கு?"

மறுநாள் ஒரு சவாரிக்கு விருதுநகர் கிளம்பினேன். நாற்கரச் சாலை ஓரத்தில் நின்று பார்த்தேன். லாரி ஒன்று பலகைக்கு அந்தப் பக்கம் நன்றாகத் தள்ளியே வந்தது. கிளட்ச்சை விட்டேன். கார் கிளம்ப யோசித்தது. மூட்டை தூக்குகிறவன் எழுந்திருக்கும்போது முழங்காலில் கைவைத்து ஒரு நொடி நிற்பானே, அந்த மாதிரி. நாலு எண்ணியபோது நான் சாலைக்கு நடுவில்தான் இருந்தேன். நடுத்திட்டுக்குள் வர ஆறரை ஆயிற்று. லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை, அது எட்டூர் வரைக்கும் கேட்டிருக்கும். சவாரிக்கு வந்திருந்த பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

நான் ஓட்டின விதத்தில் தப்பிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எந்தத் தப்பையும் என் தலையில் போட்டுக்கொள்வது எனக்குச் சுலபம். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் எண்ணிப் பார்த்தேன். ஆறுக்குக் குறையவில்லை. ஓட ஆரம்பித்துவிட்டால் வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. சமதரையில் போகப்போகச் சொகுசாகக்கூட இருந்தது. நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போதும், மெதுவாகப் போய்க்கொண்டிருந்து சட்டென்று வேகம் வேண்டும்போதும்தான் அந்த முனகல். ரயில்வே மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏறிய வண்டி இப்போது இரண்டாவது கேட்டது. நாலு பேர் ஏறினால் பின்சக்கரம் மேலே தகட்டில் உரசி 'சர்ர்'ரென்று ஒரு சத்தம். இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவனுக்கு உரசுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அங்கே நாங்கள் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

சாத்தூர் போகிற வழியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம். வண்டி உள்ளே நுழையும்போதே சிரித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, எலிக்கு யானைக்காலு மாட்டிக் கூட்டியாந்திருக்கீக?"

"மாப்பிள்ளை மாட்டிவிட்டது."

"அப்பச் சரி. கழட்டச் சொல்ல முடியாது. பழைய வீலுக்குத் தெவசம் குடுக்கவா வந்தீக?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் பட்டறையில் கிடந்த, என் பழைய சக்கரம் மாதிரியே இருந்த ஒரு இரும்புச் சக்கரத்தை டயரோடு உருட்டி வந்தார். என் காரிலிருந்து ஒன்றைக் கழற்றினார். "தூக்கிப் பாருங்க" என்றார். இரும்பை இடுப்பு வரைக்கும் தூக்கினேன். அலாயைத் தூக்கும்போது பாதியில் முதுகு பேசியது.

"அலாய்னா லேசுன்னுல்ல சொல்லுதாக" என்றேன்.

"நல்ல சாமான், அதே அளவுல வாங்குனா லேசுதான். இது பெருசு. மலிவு. டயரும் அகலம். கனமெல்லாம் எங்கன இருக்கு பாத்தீகளா? ஓரத்துல. சீட்டுல ஒரு மூட்டைய வச்சா இன்ஜின் அதத் தள்ளுனாப் போதும். சக்கரத்து ஓரத்துல வச்சா தள்ளவும் வேணும், சுத்தவும் வேணும். ரெட்ட வேல. அதோட வீலு பெருசாயிட்டா ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும். நெசந்தான். ஆனா அந்தச் சுத்த சுத்த வைக்க எம்புட்டு பெலம் வேணும்? இன்ஜின் அதே பழைய எலிதான? எப்பவும் ஒரு கியர் கூட்டிப் போட்டு எடுக்குத மாதிரி இருக்கும்."

அவர் பேசி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. காதால் வந்ததல்ல, கையில் ஏற்கனவே இருந்தது. சங்குச் சக்கரம் சுற்றும்போது நடுவில் பசை கொஞ்சம் கூடினால் ஒன்றும் ஆகாது. வெளிச்சுற்றில் கூடினாலோ ஈரம் ஏறினாலோ போச்சு. அதே மருந்துதான், அதே நெருப்புதான். ஆனால் கொளுத்தினால் சக்கரம் எழும்பாது. தரையில் கிடந்து முனகிவிட்டு, மருந்தில் பாதி தீர்ந்த பிறகுதான் சுழல ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட சரக்கை நான் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தச் சரக்கைத் திருப்பி அனுப்ப முடியாது.

மெக்கானிக் இன்னொன்றும் சொன்னார். சக்கரம் பெரிதானதால் முள் அறுபது காட்டினால் வண்டி அதற்கும் மேலே போய்க்கொண்டிருக்குமாம். கிளம்பும்போது மெதுவாகவும், ஓடும்போது நான் நினைப்பதைவிட வேகமாகவும் போகிற காரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து முள்ளையும் நம்புவதில்லை.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்று பொங்கலுக்கு அவர் வந்தபோது மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் காரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, போகிறபோக்கில் சொல்வதுபோல ஆரம்பித்தேன்.

"மாப்பிள்ளை, வீலு பெருசானதுல எடுக்கும்போது கொஞ்சம் இழுக்க மாட்டேங்குதோன்னு..."

அவர் குழாயை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "மாமா, வீலு பெருசானா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும்ல? அப்ப வேகம் கூடத்தான் செய்யும், எப்படிக் கொறையும்? ரேஸ் காரெல்லாம் பாத்திருக்கீகளா, எம்புட்டு அகலமா மாட்டியிருக்கான்?"

மெக்கானிக் சொன்னதெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருந்தது. ஆனால் படித்தவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் எனக்கு வாய் கட்டிவிடும், எட்டாம் வகுப்பிலும் அப்படித்தான். சங்குச் சக்கரத்தைச் சொல்லலாமா என்று நினைத்தேன். கார் சக்கரத்துக்குப் பட்டாசை உதாரணம் சொன்னால் சிரிப்பார். "அதுவும் சரிதான்" என்றேன். அவர் சந்தோஷமாகத் திரும்பவும் குழாயைத் திறந்தார்.

உள்ளே வந்தால் மனைவி காத்திருந்தாள். "என்ன சொன்னீக அவரிட்ட? வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீகளா? குடுத்தத கொற சொன்னா நாளைக்கு நம்ம பிள்ளையத்தான் கேப்பாக."

சக்கரத்தை மாற்ற முடியாது என்றானபின், மற்ற கனத்தைக் குறைக்கலாம் என்று புறப்பட்டேன். டிக்கியிலிருந்த ஜாக்கி, கருவிப்பெட்டி, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் இறக்கினேன். கெட்டி சீட்டு உறைகளைக் கழற்றினேன். பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டேன். ஒருநாள் ஸ்டெப்னியையும் இறக்கி மாட்டுக்கொட்டிலில் வைத்துவிட்டுப் போய் எண்ணிப் பார்த்தேன். ஆறு. கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சொன்னால் ஐந்தே முக்கால். மெக்கானிக் சொன்னது உண்மைதான். உள்ளே எவ்வளவு இறக்கினாலும் ஓரத்தில் ஏறிய கனத்துக்கு ஈடாகவில்லை. ஸ்டெப்னி கொட்டிலில் இருப்பதைப் பார்த்த மனைவி, "வயித்துப்பிள்ளக்காரி ஏறப்போற காருல இது இல்லாமலா?" என்று போட்ட சத்தத்தில் மாடு எழுந்து நின்றது. திரும்ப ஏற்றினேன். சக்கரம் பஞ்சராகி நின்றுபோனால் என்ன செய்வது என்ற கவலையை, சக்கரம் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற கவலைக்காக நான் கைவிட்டிருந்தேன். ஒரு கவலைக்கு இடம் கொடுக்க இன்னொன்றை வெளியே தள்ளுகிற ஆளாகிவிட்டேன்.

மாசியில் வளைகாப்பு. முடிந்ததும் தாய்வீட்டுக்குக் கூட்டிவரும் முறை. வாடகை வேன் பிடிக்கலாம் என்றதற்கு மாப்பிள்ளை கேட்கவில்லை. "நம்ம காருலதான் மாமா. எங்க தெருவுல அத எல்லாரும் பாக்கட்டும்." பார்த்தார்கள். சம்பந்தியம்மா சக்கரத்துக்கும் சேர்த்துத் திருஷ்டி சுற்றினார்கள். அந்தப் பாதை சாத்தூர் வழி, அங்கிருந்து எங்கள் ஊருக்கு உள்ரோடு உண்டு, நாற்கரச் சாலையைக் குறுக்கே வெட்ட வேண்டியதில்லை. அதனால் அன்று நானும் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஆனால் மகளுக்குப் பார்த்த டாக்டர் விருதுநகரில். முதலில் மாதம் ஒரு தடவை, பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போகவேண்டும். முதல் தடவை வெட்டுக்கு வந்து நின்றேன். பலகையை இன்னும் தூரமாகத் தள்ளி மனசுக்குள் நட்டிருந்தேன். அங்கே வரும் வண்டிகளைத் தெளிவாகத் தெரியவும் செய்யாது, கானல் வேறு. ஒரு இடைவெளி வரும், கால் கிளட்ச்சிலிருந்து எழும்பும், திரும்பவும் அமுக்கிவிடுவேன். பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக என்னைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, ரோடு காலியாகி வீட்டுக்குப் போகட்டும்னு இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மகள் வயிற்றில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்ப்பா போக மாட்டேங்கீக? டோக்கன் போயிரும்."

அவளிடம் சொன்னேன். நாலு ஆறானது, பலகை, மெக்கானிக், எல்லாம். அவள் பத்தாவது வரை படித்தவள். குறுக்கே பேசாமல் கேட்டாள். நம்புகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

"அப்ப மாப்பிள்ளைட்ட நீயாவது சொல்லும்மா. நீ சொன்னாக் கேப்பாரு."

"வேண்டாம்ப்பா. சொல்லாதீக" என்றாள். "அங்கன வீட்டுல அவுகளுக்கு ஒண்ணும் சொந்தமா செய்ய முடியாது. எல்லாம் அவுக அண்ணன் சொல்லுததுதான். வாங்குற சட்டையக்கூட அண்ணனக் கேட்டுத்தான். இது ஒண்ணுதான் அவுகளா நெனச்சு, அவுகளா சம்பாரிச்சுச் செஞ்சது. வர்றவுக போறவுக எல்லார்ட்டயும் போன்ல போட்டா காட்டுதாக. அது தப்புன்னு எப்படிப்பா சொல்ல?"

அப்புறம் அவளே வழியும் சொன்னாள். இடது பக்கம் திரும்பி சாத்தூர் போய், அங்கே பாலத்துக்கு அடியில் வண்டியைத் திருப்பி, மறுபக்கம் ஏறி வந்தால் குறுக்கே வெட்டவேண்டாம். அரைமணி நேரம் கூட ஆகும். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அரைமணி நேரம் கூடுதலாகக் குலுக்கிக்கொண்டு போனேன், அவள் புருஷன் மனசு நோகக் கூடாது என்பதற்காகவும் என் நெஞ்சு அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவும். நாலு தடவை அப்படிப் போய் வந்தோம். வீட்டில் டாக்டரிடம் கூட்டம் என்று சொன்னோம்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வலி கண்டது. டாக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னால். லீவுநாள் என்று மாப்பிள்ளை வந்திருந்தார். நான் செருப்பைத் தேடுவதற்குள் அவர் சாவியை எடுத்து வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். மனைவியும் மகளும் பின்னால், நான் முன்னால். இரண்டு கிலோமீட்டர்தான் நாற்கரச் சாலைக்கு.

"மாப்பிள்ளை, எடது பக்கம் எடுங்க. சாத்தூர் போயித் திரும்பிருவோம்."

"என்ன மாமா சொல்லுதீக? வலி வந்த பிள்ளைய வச்சுக்கிட்டு ஊரு சுத்தவா?"

"இல்ல, இங்கன வண்டி எடுக்க..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி பின்னாலிருந்து. "நேரா போங்க மாப்பிள்ளை."

கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவளுக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததும் அந்த வண்டிக்குள் வேறு யாருக்கும் தெரியாது. அவள் சொல்லும் நிலையில் இல்லை.

சாலையோரத்தில் வந்து நின்றார். வலது பக்கம் பார்த்தேன். ஒரு பஸ். பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பழைய நாலுக்கு அது போதும், நானே போயிருப்பேன். மாப்பிள்ளை "போயிரலாம்" என்றார். கிளட்ச்சை விட்டார். கார் அந்த யோசனையை ஆரம்பித்தது. நான் ஒன்று என்று எண்ணினேன். இரண்டு எண்ணவில்லை. என் கை போய் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டது.

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. முன்சக்கரம் வெள்ளைக்கோட்டைத் தாண்டவில்லை. எனக்கு நினைவிருக்கிற வரைக்கும், மூன்று எண்ணுவதற்குள் பஸ் எங்கள் முன்னால் போனது. போகிற காற்றில் கார் ஆடியது. ஹாரன்கூட அடிக்கவில்லை. பஸ் டிரைவருக்கு நாங்கள் ஓரத்தில் ஒழுங்காக நிற்கிற கார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. வண்டி மருமகன் கையிலிருக்கும்போது மாமனார் பிரேக்கை இழுப்பது கன்னத்தில் அடிப்பது மாதிரிதான். மனைவி, "கூறு கெட்டுப்போச்சா உங்களுக்கு? பிள்ள குலுங்கிட்டாளே!" என்று என் தோளில் குத்தினாள். மகள் ஒரு முனகல் முனகினாள். குலுக்கலில் அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தேன். அவர் பிரேக்கை இறக்கிவிட்டு, திரும்பவும் கிளப்பி, சாலை சுத்தமாகக் காலியாகும் வரை காத்திருந்து கடந்தார்.

பொட்டப்பிள்ளை, மூன்று மணிக்குப் பிறந்தது. சுகப்பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். அதை நான் எல்லாவற்றுக்கும் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

சாயங்காலம் சம்பந்தியம்மா வந்துவிட்டார்கள். வார்டு வாசலில் என்னைப் பார்த்ததும் சிரித்தபடி, "என்ன சம்பந்தி, பேத்தி ரோட்டுலயே பொறக்கட்டும்னு பிரேக்க இழுத்தீகளாமே?" என்றார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவர் முகத்தில் காலையில் இருந்தது போயிருந்தது, பிள்ளையைப் பார்த்த முகம். நானும் சிரித்தேன்.

பஸ் மோதியிருக்குமா? தெரியாது. டிரைவர் பிரேக் போட்டிருக்கலாம். மாப்பிள்ளை கூடுதலாக மிதித்திருக்கலாம். ஒரு சாண் தள்ளிப் போயிருக்கலாம். என் எண்ணிக்கையே அன்று பயத்தில் பிசகியிருக்கலாம். நடந்த விபத்துக்கு ஊரே சாட்சி சொல்லும். நடக்காமல் போனதற்கு யார் சொல்வார்? கம்பெனியில் நான் திருப்பி அனுப்பிய சக்கரங்களால் யாருக்கும் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு எப்போதாவது தெரிந்ததா? பயந்தாங்கொள்ளியின் வேலை சரியாக நடந்தால் அங்கே எதுவுமே நடந்திருக்காது. பிரேக்கை இழுத்த கை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மாப்பிள்ளை என்னைத் தனியாக ஓரம் கூட்டிப்போனார். சக்கரத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவருக்கே கையில் தெரிந்திருக்குமே, கிளம்பும்போது கார் காட்டும் அந்த யோசனை.

"மாமா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனக்காதீக. வண்டி எடுக்கும்போது இழுக்கவே மாட்டேங்குது. இன்ஜின் சோந்துபோச்சு. இத வச்சா இம்புட்டு நாளும் ஓட்டுனீக? எனக்குத் தெரிஞ்ச பட்டறையில விட்டுப் பாத்திருவோம்."

வீல் என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. கதவுக்கு உள்ளே மகள் பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தது தெரிந்தது. "ஆமா மாப்பிள்ளை, பாக்கணும்" என்றேன்.

சிவகாசியில் ஒரு வாரம் வண்டி நின்றது. ஆயில் மாற்றி, பிளக் மாற்றி, கிளட்ச்சையும் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். பட்டறைக்காரர்கள் பாலிஷ் போட்டுச் சக்கரங்களை இன்னும் மினுக்கியிருந்தார்கள். வந்த அன்றே எடுத்துக்கொண்டு போய் எண்ணினேன். ஆறு. மாப்பிள்ளை போனில் கேட்டார், "எப்படி இருக்கு மாமா?" நல்லா இருக்கு என்றேன். பிறகு அன்று முழுக்க, அப்படிச் சொன்னதால் அவர் தைரியமாக மிதித்து ஓட்டிவிடுவாரோ என்று புதிதாக ஒரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

நாளைக்குப் பேத்திக்கு விருதுநகரில் தடுப்பூசி. மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டு வருகிறார். நேற்று போன் பண்ணினார்.

"மாமா, நானே ஓட்டுதேன். நீங்க பின்னால பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. அங்கன இருந்து கை எட்டாதுல்ல?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். பக்கத்தில் போனை வாங்கக் காத்திருந்த என் மனைவிக்கும் கேட்டுவிட்டது, அவளும் சிரித்தாள். "சரி மாப்பிள்ளை" என்று நானும் சிரித்தேன்.

இன்று மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு காருக்குப் போனேன். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து, இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே ஹேண்ட்பிரேக்கை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டியது. எழும்பிக் குனிந்தால் பிடிக்கக்கூட முடிந்தது. அப்புறம் உள்ளே போய்த் தலையணை ஒன்றை எடுத்து வந்தேன். அதை மடியில் வைத்து, இடதுகையால் தலைப்பக்கம் தாங்கி, அது நசுங்காமல் வலதுகையை நீட்டினேன். விரல் நுனிக்கும் பிரேக்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. தலையணையை இன்னும் ஓரமாக நகர்த்திப் பார்த்தேன். அப்போதும் ஒரு சாண்தான்.

மனைவி வாசலில் வந்து நின்றிருந்தாள். "வெயில்ல வண்டிக்குள்ள என்ன செய்யுதீக, தலகாணிய வச்சுக்கிட்டு?"

"சும்மாதான்" என்றேன்.